கணக்கு ஓர் ஊரில், கருவி ஓர் ஊரில்

ஆய்வு மானியம் வாங்கிய கல்லூரிகளில் மார்ச் பிறந்துவிட்டால் ஒரே கேள்விதான் வராந்தா முழுக்கக் கேட்கும்: "சார், யூசி போட்டாச்சா?" கேட்பவர் கணக்குப் பிரிவு ஊழியர். பதில் சொல்ல வேண்டியவர், வகுப்பு முடித்து விடைத்தாள் கட்டோடு நடந்து வரும் உதவிப் பேராசிரியர். யூசி என்பது பயன்பாட்டுச் சான்றிதழ். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் அதற்கென்று 12-ஏ என்ற படிவத்தை வகுத்திருக்கின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு, வட்டி எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஓர் அட்டவணை. அதன் கீழே சில உறுதிமொழிகள். கடைசியில் நிதித் தலைவரும் நிறுவனத் தலைவரும் கையெழுத்திட இரண்டு இடங்கள்.

அந்த உறுதிமொழிகளை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகங்கள் ஒழுங்காக இருக்கின்றன, விதி மீறிய பரிமாற்றம் எதுவும் இல்லை என்பதோடு அவை நிற்பதில்லை. பணி நடந்த அளவும் பணம் செலவான அளவும் திட்ட நெறிமுறைப்படி இருக்கின்றன, மானியத்தால் விளைந்த பயன் இணைப்பில் தரப்பட்டிருக்கிறது என்றும் கையெழுத்திடுபவர் சொல்ல வேண்டும். பணம் செலவானதா என்று மட்டுமல்ல, செலவான பணத்தால் என்ன நடந்தது என்றும் படிவத்தை வகுத்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். நடைமுறையில் முதல் கேள்விதான் பிழைத்திருக்கிறது. கூட்டலில் ஒரு ரூபாய் இடறினால் படிவம் திரும்பி வரும். பயன் என்ற இடத்தில் எழுதிய இரண்டு வரி, போன ஆண்டு எழுதிய அதே இரண்டு வரியாக இருந்தாலும் யாருக்கும் உறுத்துவதில்லை. மானியம் கிடைத்த பிறகு தொடங்கும் இந்த நீண்ட வேலை யார் தலையில் விழுகிறது, எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதுதான் இங்கே என் கேள்வி.

இதைப் பேச ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடத்துக்கு 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு வந்தன. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும். இவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு, நடுத்தர ஆலைகள் சிப்காட் வளாகங்கள் முழுக்க இருக்கின்றன. இதே சாலைகளில்தான் பொறியியல் கல்லூரிகளும். 1985இல் தொடங்கி இப்போது பென்னலூரில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி, தண்டலத்தின் ராஜலட்சுமி, சவீதா கல்லூரிகள், இவற்றோடு ஸ்ரீபெரும்புதூரில் மத்திய அரசின் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம். நான் கீழே சொல்லப்போவது இவற்றுள் எந்த ஒன்றின் கதையும் அல்ல. தமிழ்நாட்டில் தனித் திட்ட அலுவலகம் இல்லாமல் மத்திய அரசின் மானியம் வாங்கும் எந்தக் கல்லூரிக்கும் பொருந்துவது. ஆனால் இந்தச் சாலையில் நின்றால் ஒரு வேறுபாடு கண்ணுக்கு நேராகத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம், செய்த ஒவ்வொன்றுக்கும் தடயம் வைத்துக் கணக்குக் காட்டுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் ஆட்கள் துறை துறையாக இருக்கிறார்கள். இந்தப் பக்கம் அதே வேலை, ஆய்வு செய்யவேண்டியவரின் இரவு நேரத்தில் நடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிக்கொள்வோம். மின்சார வாகன மின்கலப் பெட்டியில் வெப்பம் பரவுவதை அளக்க ஓர் உதவிப் பேராசிரியருக்கு மூன்றாண்டுத் திட்டமாக 30 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. ஒப்புதல் ஆணை வந்த அன்று கல்லூரி வாசலில் பிளக்ஸ் பேனர். மறுநாளிலிருந்து அவர் வேறோர் உத்தியோகத்துக்குள் நுழைகிறார். ஆணையில் பணம் தலைப்பு தலைப்பாகப் பிரிந்திருக்கும்: கருவி, ஆள் சம்பளம், நுகர்பொருள், பயணம், சில்லறைச் செலவு, மேல்நிலைச் செலவு. ஒரு தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற அனுமதி கேட்க வேண்டும். கருவிக்கான மூலதனக் கணக்கு தனி, மற்றச் செலவின் கணக்கு தனி, இரண்டுக்கும் யூசி தனித்தனி. ஆய்வு உதவியாளரை எடுக்க விளம்பரம், நேர்காணல் குழு, அதன் நடவடிக்கைக் குறிப்பு. கருவி வாங்க விவரக்குறிப்பு, கொட்டேஷன்கள், ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் குழு, ஆர்டர். கருவி வந்து இறங்கியதும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் பதிவு. பில்லின் பின்பக்கத்தில் ஸ்டாக் பக்க எண் இல்லாவிட்டால் கணக்குப் பிரிவில் பில் நகராது. சுயநிதிக் கல்லூரியாக இருந்தால் அறக்கட்டளையின் கொள்முதல் நடைமுறை இதற்கு மேல் இன்னொரு அடுக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்று சொல்வோமே, அது அங்கே தினப்படி அனுபவம். பூசாரியைக் குறை சொல்லவும் முடியாது. நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

இதில் வெளியே தெரியாத சிக்கல் ஒன்று நாள்காட்டியில் இருக்கிறது. திட்டத்துக்கு ஒரு ஆண்டு உண்டு, அரசுக்கு வேறோர் ஆண்டு உண்டு. ஆணை அக்டோபரில் வருகிறது, முதல் தவணை நவம்பரில் சேர்கிறது என்று வையுங்கள். ஆள் எடுத்து அவர் சேர ஜனவரி. கருவிக்குக் கொள்முதல் குழு கூடப் பிப்ரவரி. மார்ச் 31இல் யூசி போடும்போது செலவுக் கட்டத்தில் ஏதோ கொஞ்சம், மிச்சக் கட்டத்தில் பெரும்பணம். தில்லியில் அதைப் பார்ப்பவருக்கு இந்தத் திட்டம் நடக்காத திட்டமாகத் தெரியும். கையில் இருப்பு இருக்கும்போது அடுத்த தவணை எதற்கு என்ற கேள்வி வரும். ஏப்ரலில் கருவிக்குப் பணம் போய்விடும், உதவியாளருக்கு மாதாமாதம் சம்பளம் போகும், ஜூலையில் கணக்கு காலி. ஒரு நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் யூசி தந்தால் போதும் என்று பொது நிதி விதிகளின் 238ஆம் விதி அவகாசம் தருகிறது. அடுத்த தவணை அந்த அவகாசத்தைத் தருவதில்லை. தணிக்கையான கணக்கு, முன்னேற்ற அறிக்கை, யூசி மூன்றும் போய்ச் சேர்ந்து பணம் வரும்வரை காத்திருப்பது சம்பளத்தை நம்பி வாடகை வீட்டில் இருக்கும் ஆய்வு உதவியாளர். நான் இந்த அமைப்பின் மீது வைக்கும் முதல் குற்றச்சாட்டு இதுதான்: தாள் தாமதித்தால் தண்டனை, தாளில் கையெழுத்தே இல்லாத ஒருவருக்குப் போகிறது.

விதிகளும் இடையில் மாறிக்கொண்டே இருக்கும். 2022 ஏப்ரலில் மத்திய அரசு தன் திட்டங்களின் பணம் போகும் வழியை மாற்றியது. அதுவரை மானியம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் வந்து கிடக்கும். அதற்குப் பின் பணம் மையத்தில் ஒரே கணக்கில் இருக்கும். நிறுவனங்கள் ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்து, தங்களுக்கு ஒதுக்கிய வரம்புக்குள் செலவு வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் மத்திய அரசின் பொது நிதி மேலாண்மைத் தளமான பிஎஃப்எம்எஸ் வழியாக. இதன் நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு வட்டிக்குக் கடன் வாங்கும்போது அதன் பணம் நாடெங்கும் ஆயிரக்கணக்கான கணக்குகளில் சும்மா கிடப்பது நல்ல நிர்வாகம் அல்ல. ஆனால் மாற்றம் வந்த விதம் வேறு. ஓடிக்கொண்டிருந்த திட்டங்கள் பழைய கணக்கின் மிச்சத்தைத் திருப்பிக் கட்டி, சொன்ன வங்கியில் புதுக் கணக்கு திறந்து, தளத்தில் பதிந்து, யார் பதிவு செய்வது, யார் ஒப்புதல் தருவது என்று பிரித்து, மீண்டும் வரம்பு ஒதுக்கப்படும்வரை நிற்க வேண்டியிருந்தது. அதற்கென்று ஆள் வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் சில வாரங்களில் கடந்துபோயின. ஆள் இல்லாத இடங்களில் அதைச் செய்தவர் அதே உதவிப் பேராசிரியர். இந்த முறையின் கடுமையான வடிவமான கருவூல ஒற்றைக் கணக்கில், ஒதுக்கிய வரம்பை மார்ச் 31க்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். வெளிநாட்டுக் கருவிக்கு நவம்பரில் ஆர்டர் கொடுத்து, அது மே மாதம் கப்பலில் வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஆய்வகத்தில் விடை இல்லை.

அதே 2022 ஜூலை 18இல் இன்னொன்று நடந்தது. ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி என்ற சலுகை நீங்கி, வழக்கமான 18 விழுக்காடு வந்தது. நம் எடுத்துக்காட்டுக் கருவியின் விலை வரிக்கு முன் 12 லட்சம் என்றால், வரி 60,000 ரூபாயிலிருந்து 2,16,000 ரூபாயாக ஏறுகிறது. வித்தியாசம் 1,56,000. அன்று ஓர் இளநிலை ஆய்வு உதவியாளரின் மாத உதவித்தொகை 31,000. ஐந்து மாதச் சம்பளம் ஒரே நாளில் வரியாகப் போயிற்று. மானியத் தொகை ஏறவில்லை. அடுத்த ஆண்டு உதவித்தொகை 37,000 ஆக உயர்ந்தது, 2023 ஜனவரி 1 முதல் கணக்கிட்டு. மிக நியாயமான உயர்வு. ஆனால் பழைய விகிதத்தில் ஒப்புதலான திட்டத்தில் கூடுதல் 6,000 எங்கிருந்து வரும்? கேட்டு எழுத வேண்டும், பதில் வரவேண்டும், அதுவரை நிலுவை. கொள்கை முடிவு ஒன்றைச் செயலில் ஆக்கும் சுமை முழுவதும் ஒரு தனி ஆய்வாளரின் மேசையில் வந்து இறங்கும் இடங்கள் இவை.

சில முடிச்சுகள் அவிழ்ந்ததையும் சொல்ல வேண்டும். அரசின் இணையச் சந்தையான ஜெம் தளம் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தால் துல்லியக் கருவி கேட்ட இடத்தில் குறைந்த விலைக்காரரின் பொருள் வந்து சேர்கிறது என்று அறிவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2025 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் அறிவியல் துறைகளுக்கு அதைத் தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு பத்து லட்சத்திலிருந்து 25 லட்சமாகவும் ஏறின. நல்ல காரியம். வாங்கும் வேலை இலகுவானது. வாங்கியதற்கு அறிக்கை தரும் வேலை அப்படியே இருக்கிறது.

இனி வேலிக்கு அந்தப் பக்கம் போவோம். ஒரகடத்தில் கார் நிறுவனத்துக்குப் பாகம் செய்து தரும் ஆலை, உற்பத்தி தொடங்கும் முன்பே பிபிஏபி என்ற ஒப்புதல் கோப்பைத் தரவேண்டும். வரைபடம், செயல்முறை ஓட்டம், அளவீட்டு முடிவுகள், மாதிரிப் பாகங்கள் என்று பதினெட்டு கூறுகள் அதில் உண்டு. வாகனத் துறையின் ஐஏடிஎஃப் 16949 தரநிலைக்குத் தணிக்கை செய்ய வருபவர் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோவதில்லை. ஷாப் ஃப்ளோரில் இறங்கி ஒரு பாகத்தைக் கையில் எடுப்பார். இது எந்த ஷிப்டில் ஆனது, எந்த இயந்திரம், அந்த இயந்திரத்தை எப்போது அளவு சரிபார்த்தீர்கள், இரும்பு எந்த லாட் என்று பொருளிலிருந்து தாளை நோக்கிப் பின்னோக்கி நடப்பார். அந்த நடை எங்காவது அறுந்தால் குறை. ஆய்வு மானியத் தணிக்கை எதிர்த்திசையில்கூட நடப்பதில்லை. வவுச்சரில் தொடங்கி வவுச்சரிலேயே முடிகிறது. வருடாந்திரப் பொருள் சரிபார்ப்பு விதியில் உண்டு. அதைச் செய்வது கல்லூரியின் உட்குழு. கருவி இருக்கிறதா என்றுதான் பார்க்கும். அது ஓடுகிறதா, எத்தனை மாணவர்கள் தொட்டார்கள், அளந்த எண்கள் எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்க யாருக்கும் பணி ஒதுக்கப்படவில்லை. ஆராய்ச்சியை உற்பத்திப் பட்டறை போல நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தோற்கும் சோதனைக்கும் ஆய்வில் இடம் வேண்டும். ஆனால் தணிக்கை பொருளிலிருந்து தொடங்கலாம் என்ற அந்த ஒரு பழக்கத்தைப் பத்து நிமிடப் பயணத் தூரத்திலிருந்து நாம் கற்றிருக்கலாம்.

ஒரகடத்திலேயே பொதுப்பணத்தில் எழுந்த பெரிய ஆராய்ச்சி வசதி ஒன்றும் இருக்கிறது. மோதல் பாதுகாப்பு, மின்காந்த இணக்கம் ஆகியவற்றுக்கான சோதனைக்கூடங்களும் ஓட்டச் சோதனைத் தடங்களும் கொண்ட உலக வாகன ஆராய்ச்சி மையம். நாட்ரிப் என்ற தேசியத் திட்டத்தின் பகுதி அது. அந்தத் தேசியத் திட்டம் முழுவதற்கும் மத்திய அமைச்சரவை 2005 ஜூலையில் ஒப்புக்கொண்ட தொகை 1,718 கோடி ரூபாய். 2011இல் அது 2,288 கோடி ஆயிற்று. 2016 ஜூலையில் 3,727.30 கோடி. அந்த மையம் தேவையானதுதான். சென்னையைச் சுற்றி இத்தனை வாகன ஆலைகள் இருக்கும்போது சோதனைக்கு மானேசருக்கும் புணேவுக்கும் போய்க்கொண்டிருக்க முடியாது. நான் சுட்ட விரும்புவது அளவின் அநீதியை. பெரிய திட்டம் தாமதித்தால் அதன் காரணங்களைக் கேட்டு மறுமதிப்பீடு செய்ய அமைச்சரவையே கூடுகிறது. 30 லட்சம் ரூபாய்த் திட்டம், கருவி சுங்கத்தில் நின்றதால் ஆறு மாதம் பிந்தினால், கூடுதல் பணமில்லாக் கால நீட்டிப்பு வேண்டி ஒரு கடிதம் எழுதலாம். கிடைத்தாலும் அந்த ஆறு மாதத்துக்கு உதவியாளர் சம்பளம் மிச்சம் இருந்தால் உண்டு. இரண்டும் நாட்டின் ஆராய்ச்சிதான். காரணம் கேட்டுச் செவிகொடுக்கும் பொறுமை ஒன்றுக்கு மட்டும் கிடைக்கிறது.

ஒரகடத்திலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் உத்திரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காகப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்தவைதான். வயது, நிலம், கல்வி என்ற தகுதிகளையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தகுதியின்மைப் பட்டியலின் தலையிலேயே இருப்பது வேறு. ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது. உறவு முறைகள் ஒவ்வொன்றாக அங்கே எண்ணப்பட்டிருக்கின்றன. ஒருவர் கணக்குத் தராவிட்டால் அவரைச் சார்ந்தவர்களுக்கும் கதவு மூடும் இந்த விதி இன்றைய ஆய்வு நிர்வாகத்துக்கு அந்நியமானதே அல்ல. ஓய்வு பெற்றுப் போன ஒரு பேராசிரியரின் முடிக்கப்படாத யூசி, அதே நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞரின் மானியத்துக்கு முட்டுக்கட்டையாக நிற்பது ஆய்வு வட்டாரங்களில் எல்லோரும் அறிந்த கதை.

ஆனால் உத்திரமேரூரில் இருந்து இன்று இல்லாமல் போன ஒன்று உண்டு. ஏரி வாரியத்தில் ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். அவர்கள் கணக்குச் சொன்னது சபைக்கு. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வயல் அந்த ஏரியில்தான் பாய்ந்தது. தூர் வாரியதாகச் சொல்லி வாராமல் விட்டிருந்தால் அடுத்த மழைக்கு ஊரே பார்த்துவிடும். கணக்கும் ஏரியும் ஒரே ஊரில் இருந்தன. இன்று கருவி ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது, கணக்கு தில்லிக்குப் போகிறது. அனுப்புபவரும் பெறுபவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. பார்க்காதவர் கேட்கக்கூடியது எண்ணைத்தான். ஆகவே கணக்கதிகாரிகளின் மனப்போக்கைத் திட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தொலைவில் உட்கார்ந்து பார்ப்பவர் நம்பக்கூடிய ஒரே பொருளாக வவுச்சரை நாமே ஆக்கி வைத்திருக்கிறோம்.

இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் 1990–91இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அரசு மானியத்தின் மறைமுகச் செலவுக் கணக்கில் ஓர் உல்லாசப் படகின் தேய்மானத்தைக்கூடச் சேர்த்திருந்தது வெளியே வந்தது. நாடாளுமன்ற விசாரணை நடந்தது, பல்கலைக்கழகத் தலைவர் டொனால்டு கென்னடி விலகினார். மறைமுகச் செலவில் நிர்வாகப் பங்கு 26 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 1991இல் உச்சவரம்பு வந்தது. அந்த ஊழல் உண்மை, கட்டுப்பாடு தேவைப்பட்டதும் உண்மை. ஆனால் நிர்வாகத்துக்குத் தரும் பணத்துக்கு உச்சவரம்பு விழுந்ததே தவிர, நிர்வாக வேலைக்கு உச்சவரம்பு விழவில்லை. ஃபெடரல் டெமான்ஸ்ட்ரேஷன் பார்ட்னர்ஷிப் என்ற கூட்டமைப்பு பேராசிரியர்களிடம் நடத்திய 2005ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், அரசு மானிய ஆய்வுக்குரிய நேரத்தில் 42 விழுக்காடு நிர்வாக வேலைகளில் போவதாகத் தெரிந்தது. 2018இல் அது 44. அலுவலகங்கள் நிறைந்த நாட்டிலேயே இப்படி என்றால், ஆளே இல்லாத கல்லூரியில் எவ்வளவு என்று நம் நாட்டிலும் யாராவது அளந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் இந்த வேலை ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஆய்வு நிர்வாகிகளுக்கான தேசியச் சங்கம் 1959இலிருந்து இருக்கிறது. தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறலாம். இந்தியாவில் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்த இந்தியா அலையன்ஸ் அமைப்பு 2018 வாக்கில் ஆய்வு மேலாண்மைக்கென ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் ஐஐடி சென்னையின் ஐசி அண்டு எஸ்ஆர் அலுவலகம் இருக்கிறது. திட்டக் கணக்கு, கொள்முதல், திட்டப் பணியாளர் நியமனம், தொழில்துறை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்ப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம். அங்கே ஒரு பேராசிரியர் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பலாம். நாற்பது கிலோமீட்டர் மேற்கே இருப்பவருக்கும் விதிகள் அதேதான், படிவம் அதேதான், அலுவலகம்தான் இல்லை.

இந்தப் பகுதியின் கல்லூரிகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு, தொழிற்சாலைகளின் அண்டை வீட்டார் என்பதால் வருவது. பணம் பல நிறத்தில் வருகிறது. அரசு மானியம் ஒன்று. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொன்று. ஆலை தன் சிக்கலைத் தீர்க்கத் தரும் ஆலோசனைக் கட்டணம் மூன்றாவது. சோதனைக் கட்டணம் நான்காவது. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. 2021இல் திருத்திய சமூகப் பொறுப்பு விதிகளின்படி, நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி, பணம் ஒப்புக்கொண்ட வழியில் செலவானது என்று சான்று தரவேண்டும். கல்லூரிக்குக் காசோலை கொடுத்தாலே செலவாகிவிடாது. கல்லூரி அதைச் செலவழித்தால்தான் கணக்கு. அதனால் மார்ச்சில் தில்லி கேட்கும் அதே நாளில் இருங்காட்டுக்கோட்டையும் கேட்கும், வேறொரு படிவத்தில்.

வரியும் நிறம் பார்க்கிறது. 2024இல் ஆய்வு மானியங்களுக்கு ஜிஎஸ்டி கேட்டு ஐஐடி தில்லிக்கு 120 கோடி ரூபாய் அறிவிப்பு போனது நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம், அரசு மானியமோ தனியார் மானியமோ கொண்டு செய்யும் ஆராய்ச்சிப் பணிக்கு விலக்குத் தந்தது. செய்தித்தாளில் இவ்வளவுதான் வந்தது. அறிவிக்கையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அரசு அமைப்பு அல்லாத கல்லூரி, வருமான வரிச் சட்டம் 35ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தச் சாலையில் உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரி அந்த அறிவிப்பைப் பெற்றிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, ஒரே ஆய்வுக்கு வரி இல்லை அல்லது 18 விழுக்காடு. இதை இயந்திரவியல் படித்த உதவிப் பேராசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

தனியாக ஆள் வைக்கலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். திட்டத்தோடு மேல்நிலைச் செலவு என்று ஏறத்தாழப் பத்து விழுக்காடு வருகிறது. 30 லட்சத்தில் அது மூன்று ஆண்டுக்கு மூன்று லட்சம், ஆண்டுக்கு ஒரு லட்சம். மின்சாரமும் இணையமும் போக, ஓர் ஆளின் இரண்டு மூன்று மாதச் சம்பளத்துக்கும் காணாது. ஒன்றிரண்டு திட்டம் மட்டும் நடக்கும் கல்லூரி தனியாக இதைச் செய்யவே முடியாது. ஆனால் பத்துக் கல்லூரிகளில் முப்பது திட்டம் நடந்தால் ஆண்டுக்கு முப்பது லட்சம். அதில் பாதியில் கணக்கு தெரிந்த ஒருவர், கொள்முதல் தெரிந்த ஒருவர், ஒப்பந்தமும் வரியும் தெரிந்த ஒருவர் என மூன்று பேர் கொண்ட பொது அலுவலகம் நடக்கும்.

இந்த யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தனித்தனியே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதி இல்லாத தோல் பதனிடும் சிறு பட்டறைகள், பல்லாவரத்திலும் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் சேர்ந்து பொது நிலையங்கள் அமைத்தன. அவற்றின் குறைகள் வேறு விவாதம். விதிக்குக் கட்டுப்படுவது ஒரு சிறு அமைப்பால் தனியாகச் சுமக்கக்கூடிய பாரம் அல்ல, பங்கிட்டால் சுமக்கலாம் என்பதை அவை காட்டின. ஆராய்ச்சிக்கும் அது பொருந்தும். 2024இல் செயலுக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, பெரிய நிறுவனத்தை நடுவில் வைத்துச் சிறியவற்றைச் சுற்றி இணைக்கும் ‘பேர்’ (PAIR) என்ற திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அதில் இணைபவை பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்கள். இந்தச் சாலையின் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அங்கே இடமில்லை. இணைப்பதும் ஆய்வுக்காகத்தான். இணைந்தால் அலுவலகத்தையும் பகிரலாம் என்பதையும் அதில் எழுதிச் சேர்ப்பது கடினமல்ல.

அப்படி ஓர் அலுவலகம் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தால் அதன் முதல் லாபம் யூசி நேரத்துக்குப் போவது. என் மனதில் இருப்பது இரண்டாவது லாபம். அதன் ஊழியர் ஒரு பிற்பகல் பென்னலூருக்கோ தண்டலத்துக்கோ பைக்கில் போய், ஆய்வகத்துக்குள் நுழைந்து, அந்தக் கருவியைப் பார்க்க முடியும். ஓடுகிறதா, யார் ஓட்டுகிறார், எந்த ஆலையின் பாகம் அதில் சோதிக்கப்பட்டது என்று கேட்டு, படிவத்தின் இணைப்பில் தன் கண்ணால் கண்டதை எழுத முடியும். தில்லிக்குப் போகும் தாளில் ஊர்க்காரர் ஒருவரின் சாட்சி சேரும்.

இதற்கு மாநிலத்தின் அறிவியல் தொழில்நுட்ப மன்றம் முன்கை எடுக்கலாம். சிப்காட் ஒரு அறை தரலாம். ஆனால் அவர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் கல்லூரி நிர்வாகங்களுக்கு நான் சொல்ல விரும்புவது. பக்கத்துக் கல்லூரியோடு பேசுங்கள். இருவருமாகச் சேர்ந்து, கணக்கு படித்து வேலை தேடும் இந்த ஊர் இளைஞர் ஒருவருக்குப் பொது நிதி விதிகளும் பிஎஃப்எம்எஸ்ஸும் பயிற்றுவித்து, அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மானியத்தோடு வரும் மேல்நிலைச் செலவுத் தொகையிலிருந்து அவருடைய முதல் மாதச் சம்பளத்தைக் கொடுங்கள்.